ஏழு சட்டிகளில் ஒரு கூழாக்கன்று

என் வாய்க்கார இந்திராணி மச்சாளுக்கு,

நேற்றுக் காலை கிருலப்பனை வாய்க்கால் கரையில் நின்றவர்கள் இவ்வளவு பேர். நான். உங்கள் தம்பி, அதாவது என் மனுசன், கையில் குடை, காலில் வெள்ளைச் சப்பாத்து. மழை நாளில் ஏன் வெள்ளைச் சப்பாத்து என்று நீங்கள் கேட்டிருக்கக்கூடியதை உங்களுக்காக நானே கேட்டுவிட்டேன். கோட்டையில் உங்கள் கந்தோரில் இருபத்தேழு வருடம் பக்கத்து மேசையில் இருந்த பரீனா. எங்கள் வெள்ளவத்தை மாடிக்கட்டடத்து வாசல் காவலாளி சிறிபால, தோளில் குழி தோண்டுகிற அலவாங்கோடு. வாய்க்கால் கரைக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து ஒரு சிங்கள மிஸ், கையில் கோப்போடு. எல்லாமாக ஐந்து பேர். பரீனா வீட்டுப் பூனை மதிலில் இருந்து பார்த்தது, அதைச் சேர்க்கவில்லை.

உங்கள் கூழாக்கன்று மண்ணுக்குள் போய்விட்டது, மச்சாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல செய்தியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது என்று எத்தனை தரம் ஏசியிருப்பீர்கள். என் நெஞ்சளவுக்கு நிற்கிறது. மழை பெய்து முடிந்த மண். சுற்றிவர இடம். மேலே கம்பி இல்லை, கூரை இல்லை. ஒரு மரம் கேட்கிற எல்லாம் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக மட்டும் எழுதப்படவில்லை. நீங்கள் கட்டிலில் கிடந்த காலத்தில் நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னேன். ஒரு நாள் சொல்லிவிட்டு விட்ட பொய் அல்ல. ஆறரை மாதம், ஒவ்வொரு நாளும், தேத்தண்ணியோடு சேர்த்துக் கொண்டுவந்து தந்த பொய். இரண்டு வருடமாய் அது என் வயிற்றுக்குள் கல்லாய் இருக்கிறது. உங்கள் இரண்டாம் திவசத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம், அதில் நீரே எழுதும் என்று உங்கள் தம்பி சொன்னபோது, எழுதினால் இதைத்தான் எழுதுவேன் என்றேன். “சனம் வாசிக்குமே” என்றார். வாசிக்கட்டும். பாக்கியத்தின் கணக்குப் பிழைக்காது என்று சொல்லித் திரிகிற சொந்தக்காரர்கள் முதலில் வாசிக்கட்டும்.

தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். மலரை வாசிக்கிற எல்லாருக்கும் கூழா என்றால் என்னவென்று தெரியாதே.

ஆடி மாதம் கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போனோம், நினைவிருக்கிறதா? திசமகாராமை தாண்டி, தயிர்ச்சட்டி விற்கிற கடைவரிசைக்குப் பக்கத்தில் வான் நின்றது. எல்லாரும் தயிர் வாங்கப் போக, நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கத்துப் பெரிய மரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். சின்னச் சின்னக் காய். பல்லால் ஓட்டை உடைத்து, கைப்பையிலிருந்து உப்புச் சரையை எடுத்துத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சூப்பினீர்கள். கொட்டையைக் கைலேஞ்சித் துணிக்குள் துப்பினீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“மச்சாள், சுவாமியைக் கும்பிடப் போற வழியில றோட்டில நிண்டு துப்பிக்கொண்டு நிக்கிறியளே.”

“ஏன் பாக்கியம், முருகனே ஒரு பழத்துக்காகச் சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்ட ஆள்தானே. அவர் என்னை ஏசமாட்டார். இந்தாரும், நீரும் ஒண்டைச் சூப்பும்.”

புளித்தது என்றால் அப்படிப் புளித்தது. வானில் ஏறியபிறகுதான் பெயர் சொன்னீர்கள். கூழாமரம். சிங்களத்தில் கோன். உங்கள் கந்தோருக்கு வருகிற வெள்ளைக்காரக் கப்பல் கப்டன் ஒருவர் அதைச் சிலோன் ஓக் என்பாராம். “ஓக் எண்டா அவங்கட ஊரில பெரிய மரியாதைப்பட்ட மரம். அதையும் இதையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தவன் ஆரோ, எங்கட மரத்துக்கும் அந்தப் பட்டத்தைக் குடுத்திட்டான். ஆனா கொழும்பில ஒண்டைக் காட்டும் பாப்பம். உம்மட லேனில எத்தினை மரம் நிக்குது? லைற் கம்பம் பதினாலு நிக்குது.”

எட்டுக் கொட்டை கொண்டுவந்தீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, கையில் அகப்பட்ட பாத்திரத்திலெல்லாம் ஊன்றினோம். ஏழு முளைத்தது. பால்மா டின், பிஸ்கட் டின், வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி, நீல ஐஸ்கிறீம் பெட்டி, கதிர்காமத்துத் தயிர்ச்சட்டி, கைபிடி உடைந்த தண்ணீர் யக், பெயின்ற் டின். எங்கள் பல்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. நான் வழக்கம்போல ஒரு கொப்பி போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்; கடையில் சாமான் சுற்றித் தந்த தாளையெல்லாம் விரித்து வாசித்து வாசித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். மனதில் நிற்கிறதை நம்பமாட்டேன், எழுதி வைத்ததைத்தான் நம்புவேன். எந்தச் சட்டிக்கு எத்தனை கரண்டி தண்ணீர், எத்தனை இலை, எந்த நாள். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூட றெஜிஸ்டர் போல கிடக்கு, இவையள் பிந்தி வந்தா அடிப்பீரோ?” என்றீர்கள்.

தை மாதம் உங்கள் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மாசி முழுவதும், பங்குனி பாதியும் நீங்கள் ஆஸ்பத்திரியில். போகிற அன்று லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே ஒரு சொல்: “பிள்ளையள் கவனம்.”

கவனமாய்த்தான் இருந்தேன். அதுதான் பிழை.

மாசி நடுவில் ஒரு காலை பார்க்கிறேன், பால்மா டின் கன்றின் நுனியில் சிவப்பு. குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோல, செக்கச்சிவந்த இலை, நாலு, துவண்டு தொங்கிக்கொண்டு. அடுத்த நாள் பிஸ்கட் டின்னில் ஆறு. எங்கள் ரோசா ஒருமுறை இப்படி இலை சிவந்துதான் செத்தது. மற்றவற்றுக்குத் தொற்றுமுன் நகத்தால் கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் மஞ்சள் தண்ணீர் தொட்டு, அடியில் திருநீறு போட்டு, தேவாரம் ஒன்று பாடினேன். கொப்பியில் புதிதாய் ஒரு நிரல் கோடு போட்டு, தலைப்பு எழுதினேன்: நோய் இலை.

அவை திரும்பத் திரும்பச் சிவந்தன. நான் திரும்பத் திரும்பக் கிள்ளினேன். ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, “ஒரு நோயையும் கிட்ட வரவிடயில்லை மச்சாள்” என்று பெருமையாய்ச் சொன்னேன். என்ன நோய் என்று நீங்கள் கேட்கவில்லை. சிவப்பு என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கட்டிலில் இருந்தே எழும்பி வந்து என் கையில் அடித்திருப்பீர்கள்.

பங்குனி பிறந்து ஒரு கிழமையில் ஆறு சட்டியிலும் ஆறு குச்சி நின்றது. கிள்ள ஒன்றும் மிச்சம் இல்லை.

ஏழாவது தயிர்ச்சட்டி. அது அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. காகம் தட்டிக் கீழே விழுத்தியிருக்கும் என்று எழுதி வைத்தேன். உங்கள் தம்பியிடம் கேட்டபோது பேப்பருக்குப் பின்னால் இருந்து “ம்” என்றார். நீங்கள் வீட்டுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது, அவர் மட்டும் பாவிக்கிற பின்பக்கக் குளியலறையைக் கழுவப் போனேன். யன்னல் விளிம்பில், சவரச் சாமானுக்குப் பக்கத்தில், தயிர்ச்சட்டி. பல்கனியில் கதிரை போட இடமில்லை என்று ஐயா தூக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். முகம் கழுவும்போது ஒரு கை தண்ணீர் அதற்கும் எறிவாராம். அவ்வளவுதான் அது கண்ட பராமரிப்பு.

அதன் மேல்நுனி சிவப்பு. அதற்குக் கீழே செம்பு நிறம். அதற்கும் கீழே வெளிறின பச்சை. அடியில் நல்ல கரும்பச்சை, தடித்த இலை. ஒரே தண்டில் நாலு நிறமும் வரிசையாய் நின்றது, எனக்குப் பாடம் எடுக்கிறதுபோல. யாரும் வந்து ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஈரத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த மரத்தின் தளிரே சிவப்பு. பிறந்த பிள்ளை சிவப்பாய் இருக்கிறதே என்று நான் ஒவ்வொன்றாய் நுள்ளி எறிந்திருக்கிறேன். கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நூற்றுப் பதினொரு இலை. என் கையெழுத்தில், பிழையில்லாத கூட்டல்.

நீங்கள் வந்தீர்கள். இரண்டு பேர் தாங்கித்தான் கட்டிலில் விடமுடிந்தது. கைமணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. தலையணையைச் சரிபண்ணுகிறேன், அப்போது கேட்டீர்கள்.

“ஏழும் நிக்குதோ?”

“ஓம்” என்றேன்.

அந்த ஒரு சொல். அதைத் திருப்பி எடுக்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது, மச்சாள். எடுக்கவில்லை. உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தபிறகு எப்படி எடுக்கிறது? உடனேயே நீங்கள் சொன்னீர்கள்: “ஏழையும் ஒரேயடியாத் தூக்கிக்கொண்டு வராதையும். ஒரு நாளைக்கு ஒண்டு காட்டும். நாளைக்குப் பாக்க ஏதும் மிச்சம் இருக்கவேணும் எனக்கு.”

எனக்கு வழி காட்டிவிட்டது முருகன்தான் என்றே நினைத்தேன்.

தயிர்ச்சட்டிக் கன்றை மெல்லக் கழற்றி ஒரு கறுப்புப் பொலித்தீன் பைக்கு மாற்றினேன். பையை எந்தப் பாத்திரத்துக்குள்ளும் இறக்கலாம், தூக்கலாம். மேலே கொஞ்சம் மண் தூவினால் தெரியாது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: திங்கள் பால்மா டின், செவ்வாய் பிஸ்கட் டின், புதன் வெள்ளைப் பெட்டி, வியாழன் நீலப் பெட்டி, வெள்ளி தயிர்ச்சட்டி, சனி யக், ஞாயிறு பெயின்ற் டின். உங்கள் தம்பி அதைக் கண்டுவிட்டார்.

“என்னப்பா இது, பொய்க்கும் ரைம்ரேபிளோ?”

“நீங்கள் வாயைத் திறந்தியளோ தெரியும்.”

“எனக்கு ஒண்டும் தெரியாது. நான் பேப்பர் பாக்கிறன்.”

அப்படியே ஆறரை மாதம் ஓடியது. ஒவ்வொரு காலையும் அதே கன்று, வேறு சட்டியில், உங்கள் கட்டிலடிக்கு வந்தது. நீங்களும் சும்மா பார்க்கவில்லை. திங்கட்கிழமையான் சோம்பேறி, பால்மா குடிச்சும் வளர்றான் இல்லை என்றீர்கள். செவ்வாய்க்கிழமையாள் கெட்டிக்காரி, இலை மினுங்குது என்றீர்கள். சனிக்கிழமை யக்கில் வருகிறவருக்கு உங்கள் பழைய மானேஜரின் கழுத்தாம். ஒரு வியாழக்கிழமை அவசரத்தில் நான் வெள்ளைப் பெட்டியையே திரும்பவும் தூக்கிவந்துவிட்டேன். “இவர் நேற்றும் வந்தவரெல்லே? ஓவர்ரைமோ?” என்று கேட்டுவிட்டு இருமி இருமிச் சிரித்தீர்கள். நீலப் பெட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்குது என்று இன்னொரு பொய்யை அதற்கு மேல் அடுக்கினேன்.

ஆவணியில் அது திரும்பவும் சிவந்தது. அந்தக் கிழமை முழுவதும் நீங்கள் குழந்தைபோல இருந்தீர்கள். தளிரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். “ஏழுக்கும் ஒரே கிழமையில சிவப்பு வந்திருக்கு. நல்ல ஒற்றுமையான குடும்பம். எங்கட குடும்பத்தில இப்பிடி எப்பவாவது நடந்ததோ?”

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அப்போது அதை நான் எழுதி வைக்கவில்லை. கன்றின் மூன்றாம் இலையில் பூச்சி அரைவட்டமாய்க் கடித்த ஒரு அடையாளம் இருந்தது. எந்தச் சட்டியில் கொண்டுவந்தாலும், நான் அதைக் கீழே வைக்குமுன் உங்கள் விரல் அந்த இலைக்குத்தான் போகும். போய், அந்தக் கடியின் விளிம்பில் ஒருமுறை சுற்றிவிட்டு வரும்.

மாலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் மன்னிப்புக் கேட்பேன். கேட்டு முடித்து, அடுத்த நாளுக்கான சட்டியைக் கழுவி வைப்பேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தயிர்ச்சட்டி. வெள்ளிகளில் மட்டும்தான் சட்டியும் கன்றும் உண்மையாய்ச் சேர்ந்தவை. விரல் வழக்கம்போல இலைக்குப் போனது. “சட்டியில வைச்சுக் கொல்லாதையும், பாக்கியம். மண்ணில விடும். கொழும்பிலயே விடும், நான் கொட்டாஞ்சேனையில பிறந்த ஆள். இப்ப கொண்டுபோய் வெயிலில வையும்” என்றீர்கள். கொண்டுபோய் வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது நீங்கள் நித்திரை. பின்னேரம் அந்த நித்திரையிலேயே போனீர்கள். கந்தசஷ்டி தொடங்க ஒரு நாள் இருந்தது.

மண்ணில் விடும் என்று சொல்வது சுலபம். வெள்ளவத்தையில் மண் எங்கே இருக்கிறது? முதலில் எங்கள் கட்டடத்துச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். காருக்கே இடமில்லை, மரத்துக்கு எங்கே போக என்றார்கள். பிறகு ஒரு கோயிலில். வேம்பு, வில்வம் என்றால் யோசிக்கலாம், கூழா காட்டு மரமெல்லே அம்மா, வேர் மண்டபத்தைக் கிளப்பிப்போடும் என்றார் அங்கே இருந்த பெரியவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். நூறடி வளரும் என்று உண்மையைச் சொன்னது நான்தான். உங்களோடு நடந்ததற்குப் பிறகு, இந்தக் கன்று விஷயத்தில் யாரிடமும் பொய் சொல்வதில்லை என்று நேர்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் பெரிய வாளி ஒன்றில் நின்றது. போன சித்திரைக்குப் பிறகு அது சிவக்கவே இல்லை. இலை சின்னதாகி, நுனி கருகத் தொடங்கியது. வாளியைத் தட்டினால் மண் சத்தம் இல்லை, வேர்ச் சத்தம். ஒவ்வொரு காலையும் எழும்பிச் சிவப்பைத் தேடினேன். ஒரு காலத்தில் எந்தச் சிவப்பைக் கண்டு நடுங்கினேனோ அதையே. இதுவும் போய்விட்டால் உங்களுக்குச் சொன்ன “ஓம்” முழுப் பொய்யாகிவிடும். ஒன்றாவது நின்றால், ஏழில் ஒரு பங்காவது உண்மை என்று சொல்லலாம். இப்படியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பரீனாவின் போன் வந்தது. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அவவை அப்படித்தான் கூப்பிடுவேன். கொம்பனித்தெருவில் அவர்கள் இருந்த பழைய வீட்டுவரிசையை இடித்து மாடி கட்டுகிறார்கள், இப்போது கிருலப்பனைக்கு வந்துவிட்டார்களாம்.

“பாக்கியம் தங்கச்சி, எங்கட வீட்டுக்குப் பின்னால வாய்க்கால் கரை ஈக்கி. நல்ல மண்ணு. இந்திராணி எனக்கிட்ட மரம் வெக்க எடம் கேட்டீந்தா. அப்ப எங்கட வீட்டுல மண்ணென்டா பூச்சட்டிலதான். இப்ப ஈக்கி. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தோம், ஈக்கி என்றதுபோலவே இடம் இருந்தது. அரச நிலம், அனுமதி வேண்டும். சிங்களத்தில் கடிதம் எழுத சிறிபால உதவினார். நான் சொல்ல அவர் திருத்தினார். மரத்தின் பெயர் என்ற இடத்தில் கோன் என்று அவர் கையாலேயே பெரிதாய் எழுதி, “நோனா, இது பெரிய மரம். மெதுவா வளரும். அவசரம் இல்லாத மரம்” என்றார். அவசரம் எனக்குத்தான் இருந்தது. மூன்று முறை போய் வந்தபிறகு, போன கிழமை அனுமதி வந்தது.

இனி நேற்றுக் காலை.

சிறிபால குழி வெட்டினார். வாளியை நான் கத்தியால் கீறிப் பிளந்தேன். உள்ளே வேர் பாம்புபோல இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் கத்தியைக் கீழே வைத்தேன். அந்த மிஸ் கோப்பைப் பூனைக்குப் பக்கத்தில் மதிலில் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். “கோன் கஹக்த? ஹரி ஹொந்தய்”, கோன் மரமா, மிச்சம் நல்லது என்று சொல்லி இலையைத் தடவிப் பார்த்தார். அழுகின நுனியை வெட்டச் சொல்லி, மிச்ச வேரை மெல்ல மெல்லச் சுற்றுக் கழற்றிக் கீழ்ப்பக்கமாய் நீட்டிவிட்டார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் வேரைப் பிடித்திருந்தோம், தலைப்பின்னல் அவிழ்ப்பதுபோல. மண் போட்டு, காலால் மிதித்து, முட்டுக்கம்பு ஊன்றியாயிற்று. பரீனா தண்ணீர் ஊற்றினா. நான் ஒரு விரல் திருநீறு தண்டில் வைத்தேன். இம்முறை அடியில் கொட்டவில்லை.

போகும்போது மிஸ் சிங்களத்தில் ஒன்று சொன்னார். சிவப்புத் தளிர் வரும்போது கிள்ளவேண்டாம். அழகு என்று ஆட்கள் பிடுங்குவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொதுவாய்த்தான் சொன்னார். உங்கள் தம்பி குடைக்குள் இருந்து இருமினார்.

எனக்கு அதற்குமேல் முடியவில்லை. மிஸ்ஸின் வாகனம் போனதும் பரீனாவிடம் கொட்டிவிட்டேன். “பரீனா தாத்தா, ஏழு கண்டு நிண்டது. ஆறை நான்தான் கிள்ளிச் சாகடிச்சனான். மச்சாளுக்கு ஏழும் நிக்குது எண்டு சாகும்வரைக்கும் பொய் சொன்னனான்.” அழுதேனா சிரித்தேனா தெரியாது. இரண்டும்தான்.

பரீனா தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“என்ன செல்றீங்க, ஏழா? இந்திராணி எனக்கிட்ட ஒரு மரத்துக்குத்தானே எடம் கேட்டா.”

“எப்ப?”

“நான் வட்டிலப்பம் கொண்டு வந்தேனே, அன்டைக்கு. நீங்க தேத்தண்ணி ஊத்த உள்ளுக்குப் போனீங்க. ‘ஒன்டே ஒன்டுதான் பரீனா, ஆனா பெரிசா வரும், நல்ல எடமாப் பாருங்க’ன்டு சென்னா. ஏழென்டு ஒரு பேச்சும் இல்ல.”

“அதுக்குப் பிறகு என்ன சொன்னவ?”

“ஒன்டும் இல்ல. நீங்க தேத்தண்ணியோட வந்தீங்க. ஒடனே அவ, ‘பரீனா, எங்கட பாக்கியம் ஏழையும் என்ன மாதிரிப் பாக்குறா தெரியுமா’ன்டு ஒங்களப் புகழத் தொடங்கிட்டா. எனக்கு வெளங்கல்ல. மருந்து மயக்கம் போலன்டு நெனச்சேன்.”

உங்கள் தம்பி குடையை மடக்கினார். மழை விட்டுவிட்டது என்று மடக்கினாரா, முகத்தைத் துடைக்க மடக்கினாரா என்று நான் கேட்கவில்லை. “அக்காவை ஆரும் ஏமாத்தேலாது எண்டு எனக்குத் தெரியும்” என்றார். “உமக்கு ஏன் சொல்லுவான் எண்டு இருந்தனான்.” சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு. நன்றாய் வேண்டும்.

வீட்டுக்கு வந்து குளிக்கவும் இல்லை, பழைய கொப்பியை எடுத்தேன். பரீனா வந்த நாளைத் தேடினேன். இருந்தது. புதன்கிழமை, வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் சின்ன எழுத்தில் “பரீனா தாத்தா வந்தவ”. நான் சட்டி மாற்றத் தொடங்கிப் பதினேழாம் நாள்.

பதினேழாம் நாள், மச்சாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் கிடக்கிறது. சோம்பேறித் திங்களும், கெட்டிக்காரச் செவ்வாயும், மானேஜரின் கழுத்தும், ஓவர்ரைமும். நான் உங்களுக்காக நடித்தேன் என்று நினைத்திருந்தேன். நீங்களல்லவா எனக்காக நடித்திருக்கிறீர்கள். நோவோடு கிடந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் குணத்தை யோசித்து எடுத்து வைத்திருந்து, நான் சட்டியோடு வந்ததும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த விரல் ஏன் நேரே அந்த இலைக்குப் போனது என்று இப்போது விளங்குகிறது. ஏன் ஒரு தரமாவது, “பாக்கியம், எனக்குத் தெரியும்” என்று சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அடுத்த நாள் நான் என்ன முகத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன் என்று யோசித்தீர்களா?

வயிற்றுக்குள் இருந்த கல் இறங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் விளக்கேற்றும்போது முருகனிடம் மன்னிப்புக் கேட்காமல், நன்றி மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் திகைத்திருப்பார்.

இனி என் வாக்கு. செவ்வாயும் வெள்ளியும் நான் கிருலப்பனைக்கு பஸ் ஏறுவேன். மற்ற நாள் தண்ணீர் பரீனாவின் பொறுப்பு, அவவின் சமையலறை யன்னலுக்கு நேரேதான் கன்று நிற்கிறது. நகத்தை வெட்டிக்கொண்டுதான் போவேன். புதுக் கொப்பி ஒன்று போட்டிருக்கிறேன். அதன் முதல் வரி முதல் சிவப்புத் தளிர் வருகிற நாளுக்குக் காத்திருக்கிறது. என்றாவது அது காய்த்தால், ஏழு கொட்டை பொறுக்கி, திரும்பவும் ஏழு சட்டியில் ஊன்றுவேன். என் வயதுக்கு அது பேராசைதான். நான் இல்லாவிட்டால் கொப்பி இருக்கும். எப்படி வளர்ப்பது, எதைக் கிள்ளக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும்.

பழைய கொப்பியில் மட்டும் ஒரு இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. பதினேழாம் நாள் உங்களுக்குத் தெரிந்திருந்தது, சரி. அதற்கு முதல் எந்த நாள் பிடிபட்டேன்? பால்மா டின்னிலா, யக்கிலா? அல்லது தலையணை சரிபண்ணும்போது நான் “ஓம்” என்றேனே, அப்போதே தெரிந்துதான் ஒரு நாளைக்கு ஒன்று காட்டும் என்று எனக்கு வழி விட்டீர்களா?

எந்த நாள், எந்தச் சட்டி. அவ்வளவுதான் எனக்கு வேணும். கனவில் வந்து சொன்னாலும் எழுதிக்கொள்ளுவேன். கெதியாய்ப் பதில் தாருங்கோ, மச்சாள்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்கள் ஒரே மச்சாள்,
பாக்கியம்
வெள்ளவத்தை